சட்டியில் பிசைந்த சோறு

ராயபுரம் ரயில் நிலையத்து நடைமேம்பாலத்தில் ஒரு நாள் காலை பாதிப் படியில் நின்றுவிட்டேன். கால் வலிக்கவில்லை, மூச்சுதான் வரவில்லை. பின்னால் ஏறிவந்தவர்கள் சலித்துக்கொண்டே ஒதுங்கிப் போனார்கள். காசிமேட்டில் வாங்கிய சங்கரா மீன் பையோடு எனக்கு முன்னால் ஏறிப்போன என் கணவர் சேவியர், ஆளைக் காணோமே என்று திரும்பி இறங்கி வந்தார்.

"இன்னாமே, நடுவுல நின்னுட்ட?"

"ட்ரெயின் பாக்கறேன்" என்றேன். கீழே தண்டவாளத்தில் எந்த ரயிலும் இல்லை. அவர் என் கைப்பையையும் வாங்கிக்கொண்டு, நான் மறுபடி ஏறத் தொடங்கும்வரை பக்கத்தில் நின்றார்.

எனக்கு அப்போது வயது நாற்பத்து நான்கு, எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. சர்க்கரை இருந்தது. முட்டி தேய்ந்திருந்தது. தூங்கும்போது மூச்சு விட்டுவிட்டு நின்றது (தொண்டைச் சதை தளர்ந்து காற்றுப் பாதையை அடைத்துக்கொள்வதால் வருவது). எடை குறைக்க எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. கொள்ளு ரசம், கோதுமைக் கஞ்சி, கடலோரம் காலை நடை. பத்து கிலோ போகும், பன்னிரண்டு கிலோ வரும். இதைப் படிக்கும் பலருக்கு இந்தக் கதை மனப்பாடம், அதனால் நீட்டவில்லை.

கடைசியில் அறுவை சிகிச்சைதான் என்று முடிவானது. செய்த டாக்டரம்மா ஒரு காகிதத்தில் இரைப்பையை வரைந்து, அதன் மேல்பகுதியில் ஒரு வளையம் போட்டுக் காட்டினார். இதுதான் இரைப்பைப் பட்டை (இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றிப் பொருத்தும் சிலிக்கோன் வளையம்). அதற்கு மேலே ஒரு சின்னப் பை உண்டாகும். அது நிரம்பினால் வயிறே நிரம்பிவிட்டதாக உடம்பு நம்பும். பட்டையிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து, வயிற்றுத் தோலுக்கடியில் ஒரு குமிழில் முடியும். அந்தக் குமிழில் ஊசியால் உப்புநீர் ஏற்றினால் பட்டை இறுகும், எடுத்தால் தளரும். இப்போது இதை அதிகம் செய்வதில்லை, வேறு முறைகள் வந்துவிட்டன என்கிறார்கள். எனக்குச் செய்தது சில வருடங்களுக்கு முன்பு.

"சாப்பாட்டை விடச் சொல்லலம்மா. ரொம்பக் கொஞ்சமா, ரொம்ப மெதுவா சாப்பிடணும். அவ்வளவுதான்" என்றார் டாக்டரம்மா.

நானும் அவ்வளவுதான் என்றே நினைத்தேன்.

எங்கள் வீட்டில் சாப்பாடு எப்படி என்று இங்கே சொல்லியாக வேண்டும். சேவியருக்குத் துறைமுகத்தில் வேலை. கிரேன் ஓட்டுபவர் உயரத்தில் உட்கார்ந்திருப்பார், கீழே நடப்பது அவருக்குச் சரியாகத் தெரியாது. கப்பலடியில் நின்றுகொண்டு ஏற்று, இறக்கு, நிறுத்து என்று அவருக்குக் கைச்சைகை காட்டுவது என் கணவரின் வேலை. காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வருவார். நான் வண்ணாரப்பேட்டையில் ஒரு நைட்டி மொத்தக் கடையில் பில் போடுகிறேன். இரண்டரைக்கெல்லாம் வந்துவிடுவேன். மகள் மெர்சி வேலை முடிந்து திரும்ப ஏழு மணியாகும். அதனால் மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் இருவர்தான்.

மீன் குழம்பு தீர்ந்ததும் மண்சட்டியை உடனே கழுவப் போட மாட்டோம். மிச்சச் சோற்றை அதிலேயே கொட்டி, அடியில் ஒட்டியிருக்கும் மசாலாவையும் வெந்து கரைந்த மாங்காயையும் சேர்த்து அவர் பிசைவார். உருண்டை பிடித்து என் உள்ளங்கையில் ஒன்று வைப்பார், தன் வாயில் ஒன்று போட்டுக்கொள்வார். சட்டி துடைத்தது போல ஆகும்வரை இது நடக்கும். கல்யாணமான வாரம், புது வீட்டில் பேசவே கூச்சப்பட்டுக்கொண்டிருந்த என் கையில் முதல் உருண்டையை வைத்தார். அதற்குப் பிறகு இருபது வருடங்களுக்கு மேல், எங்கள் சண்டைகளில் பாதி அந்தச் சட்டியில்தான் முடிந்தன.

சிகிச்சை லேப்ராஸ்கோப்பி முறையில் நடந்தது (வயிற்றைப் பெரிதாகத் திறக்காமல் சின்னத் துளைகள் வழியாகச் செய்வது). மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முதலில் வடிகட்டிய சூப், மோர், பருப்புத் தண்ணீர். பிறகு மசித்தவை. அதன் பிறகு மெத்தென்றவை. ஒவ்வொரு வாயும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. டீஸ்பூனில் ஒரு வாய் எடுத்தால் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அரைக் கிண்ணம் உணவுக்கு அரைமணி நேரத்துக்கு மேல் ஆனது.

பட்டையை இறுக்கிய பிறகு இன்னொன்று தெரிந்தது. மீன் இறங்கியது, சோறு இறங்கவில்லை. சங்கராவும் நெத்திலியும் வம்பு செய்யாமல் போயின. பருக்கைகள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பட்டைக்கு மேலேயே நின்றன. நெஞ்சுக்கு நடுவில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல வலி, வாயெல்லாம் எச்சில், பிறகு தின்றது அப்படியே திரும்பி வரும். இதை நான் மாட்டிக்கொள்வது என்று சொல்வேன். பட்டை போட்டிருந்தால் உங்களுக்கும் நடக்கலாம். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எழுந்து மெதுவாக நடங்கள். எதையும் குடித்து உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். எச்சில்கூட இறங்கவில்லை என்றால் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.

திருவொற்றியூரிலிருந்து நாத்தனார் ரெஜினா பார்க்க வந்தாள். நான் ஸ்பூனும் கிண்ணமுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவளுக்குத் தாங்கவில்லை.

"இன்னா அண்ணி, சோத்தப் போயி மருந்து மாரி துன்னுகினு கீறீங்க? ஸ்பூன கடாசிட்டு கைல துன்னுங்க, தன்னால எறங்கும்."

கெட்ட எண்ணம் இல்லை, வெறும் வாய்தான். போகும்போது என் பழைய ஜாக்கெட்டுகளை எல்லாம் தையல் பிடித்துப் போட்டுக்கொள்கிறேன் என்று பையில் திணித்துக்கொண்டு போனாள்.

ஆறு மாதத்தில் இருபத்தாறு கிலோ குறைந்தது. சர்க்கரை மாத்திரைகள் பாதியாயின. ஒரு நாள் அந்த மேம்பாலத்தில் நிற்காமல் ஏறி மறுபக்கம் இறங்கிவிட்டேன். உடனே ஓடிப்போய்ச் சேவியரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை. அதற்குள் அவர் வீட்டில் மதியச் சாப்பாடு சாப்பிடுவதையே நிறுத்தியிருந்தார்.

முதலில் வாரத்தில் ஒரு நாள், "ஷிப்ட்லயே துன்ட்டேன் ஸ்டெல்லா" என்றார். அப்புறம் இரண்டு நாள். அப்புறம் தினமும். வாயில் சோம்பு மென்றுகொண்டு ஐந்து மணிக்கு வருவார். அந்த வாசனை வந்தாலே எனக்கு எரிச்சலாக இருக்கும். ராத்திரி மெர்சியோடு உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிடுவார், எழுந்துவிடுவார். மதியம் நான் ஒரு துண்டு மீனோடு தனியாக உட்கார்ந்திருப்பேன். மசாலா ஒட்டிய சட்டியில் தண்ணீர் ஊற்றித் தேய்க்கும்போதுதான் அழுகை வரும். பசியால் அழுகிறேன் என்று முதலில் நினைத்தேன். ஆனால் பட்டை போட்டவளுக்கு அவ்வளவு பசியே கிடையாது. மனிதரோடு சேர்ந்து தின்ன முடியாதவளாக ஆனதும் என்னோடு உட்கார அவருக்கு ஒன்றுமில்லாமல் போய்விட்டது என்று நானே முடிவு கட்டினேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அவ்வளவு ரோஷம்.

அந்த ரோஷத்தில்தான் பெரிய தப்பைச் செய்தேன். ஒரு சனிக்கிழமை, கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்ட மதியம், நீ வராவிட்டால் என்ன என்று, சட்டியில் சோற்றைக் கொட்டி நானே பிசைந்தேன். அடுப்படியில் நின்றுகொண்டே, கையால், மளமளவென்று மூன்று உருண்டைகள். ருசி நாக்கில் பட்டதும் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. நான்காவதைப் பிடிக்கும்போது நெஞ்சில் அந்தக் கட்டைவிரல் அழுத்தியது. குடிக்கக் கூடாது என்று உங்களுக்குச் சொன்னேன் அல்லவா, நான் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தேன். அது நேராகத் திரும்பி வந்தது. பிறகு எச்சிலும் இறங்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அவருக்கு போன் செய்தேன். வேலை ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஆட்டோவோடு வந்து நின்றார். அடுப்பில் சட்டி அப்படியே இருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திட்டாமல் ஆட்டோவில் ஏற்றினார்.

டாக்டரம்மா குமிழில் ஊசியைச் செருகி உப்புநீரை எடுத்தார். அடைப்பு விலகியது. ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொன்னார், தடையில்லாமல் போனது. மறுநாள் பேரியம் பரிசோதனை செய்தார்கள் (எக்ஸ்ரேயில் தெரியும்படியான வெள்ளைத் திரவத்தைக் குடிக்கவைத்து, அது போகும் வழியைப் பார்ப்பது). பட்டை நழுவவில்லை.

"இந்த மாதிரி அடிக்கடி வாந்தி எடுத்தா பட்டை நழுவிடும்மா. அப்புறம் எடுத்துத்தான் ஆகணும்" என்றார் டாக்டரம்மா. "ஒரு மாசம் தளர்வாவே இருக்கட்டும். மறுபடி இறுக்கறதா வேணாமான்னு யோசிச்சு வந்து சொல்லுங்க. இறுக்கலைன்னா பசி வரும், எடை வரும், சர்க்கரையும் ஏறும். மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது."

இறுக்குவதா விடுவதா என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை. தொண்டை திறந்திருந்தது, அது மட்டும்தான் தெரிந்தது. மெத்தென்ற உணவுக்கு அனுமதி கிடைத்த அன்று மூன்று மணிக்குச் சேவியர் வீட்டுக்கு வந்தார், கையில் கானாங்கெளுத்தி மீனோடு. குழம்பு வைத்தேன். அவர் பிசைந்தார். என் கையில் உருண்டை வந்தது. நான்காவது உருண்டையில் அழுதுவிட்டேன். காரம் என்று நினைத்து அவர் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

அந்த மாதம் முழுக்க அவர் மூன்று மணிக்கு வந்தார். மறைப்பானேன், என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான மாதங்கள் சிலவே உண்டு. ஐந்து கிலோ ஏறினேன். மாத்திரை ஒன்று கூடியது. மாதக் கடைசியில் ஒரு நாள் இருவரும் காசிமேட்டிலிருந்து திரும்பும்போது, மேம்பாலத்தில் முக்கால்வாசிப் படியில் நின்றேன். அவரும் நின்றார். இந்த முறை ஏன் நின்றாய் என்று கேட்கவில்லை.

"இப்டியே வுட்டுடேன் ஸ்டெல்லா" என்றார். "இறுக்க வேணாம். நீ துன்றத பாத்து எம்மா நாளாச்சி, இந்த மாசந்தான் பாக்கறேன்."

"அப்பால ஏன்யா ஆறு மாசம் வூட்டாண்ட சோறு துன்ன வரல?" கேட்டேவிட்டேன்.

அவர் கைப்பிடிக் கம்பியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"நீ ஒரு துண்டு மீன வெச்சிகினு குந்தினுகீற. எதிர்ல நான் மூணு தபா சோறு போட்டுகினு துன்றேன். உருண்ட புடிச்சா குடுக்க கையில்ல. எனக்கு எறங்கலமே. ஹார்பர் கேட்டாண்ட நின்னுகினே ரெண்டு புரோட்டாவ துன்னுட்டு, நேரம் போவட்டும்னு சுத்திகினு இருந்துட்டு வருவேன்."

ஆறு மாதம் நான் கழுவிய சட்டியும் அவர் மென்ற சோம்பும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, பாலம் என்றும் பார்க்காமல் சத்தம் போட்டேன்.

"சோறு எனக்கும் வேணும்யா. தெனம் வேணும்னுதான் இருக்கும். ஆனா இந்தப் படில நின்னு நின்னு ஒரு நாளு நான் பூட்டேன்னா யாருக்குப் பெசஞ்சு குடுப்ப? நான் இறுக்கிக்கப் போறேன். நீ மூணு மணிக்கு வந்து எதிர்ல குந்து. நீ துன்னு. நான் பாக்கறேன். நீ இல்லாத அந்த மூணு மணிதான் என்னால தாங்க முடியல."

அவர் மீன் பையைக் கை மாற்றிக்கொண்டு, நான் மூச்சு வாங்கி முடிக்கும்வரை நின்றார்.

பட்டையை மறுபடி இறுக்கிய அன்று முதல்முறையாக அவரும் டாக்டரம்மாவின் அறைக்குள் வந்தார். ஊசி ஏறியதைக் கண்கொட்டாமல் பார்த்தார். பிறகு தன் வேலையிடத்தில் கேட்பது போலக் கேட்டார்:

"எவ்ளோ எடம் கீதும்மா உள்ள? எவ்ளோ மெதுவா எறக்கணும்?"

டாக்டரம்மா சிரிக்காமல் சொன்னார். விழுங்கியது பட்டையைத் தாண்ட நேரம் எடுக்கும். அது தாண்டும்வரை அடுத்தது போகக் கூடாது. சேவியர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். சட்டிச் சோற்றைப் பற்றியும் அவரே கேட்டார். கூழாகக் குழைத்து, பட்டாணி அளவு, ஒன்றோ இரண்டோ பார்க்கலாம், மாட்டினால் அன்றோடு நிறுத்திவிட வேண்டும் என்றார் டாக்டரம்மா.

இப்போது எங்கள் மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத் தொடங்கி நாலரைக்கு முடிகிறது. அவர் தன் சோற்றைத் தின்று முடிக்கிறார். பிறகு சட்டியை மடியருகே இழுத்துப் பிசைகிறார். தனக்குப் பெரிய உருண்டை. எனக்குப் பட்டாணி அளவில் ஒன்று, அதை மட்டும் விரல் நுனியால் வெகுநேரம் குழைக்கிறார். என் உள்ளங்கையில் வைத்ததும் ஆள்காட்டி விரலைக் கீழ்நோக்கி மெதுவாகச் சுழற்றுகிறார், கிரேன்காரருக்குக் காட்டுவது போலவே. இறக்கு, பார்த்து இறக்கு. நான் மென்று விழுங்கியதும் கையை மூடிக்கொள்கிறார். நிறுத்து. அது முடியும்வரை தன் உருண்டையையும் வாயில் போடுவதில்லை.

சோற்றின் மேல் ஆசை போய்விடும் என்று உங்களுக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போகவில்லை. தெருவில் யார் வீட்டிலாவது குழம்பு கொதித்தால் இன்னும் நான் நடை தளர்கிறேன். முன்பு சட்டி நிறையச் சோறு தின்றபோது அது எங்கே போனது என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. இப்போது ஒரு பட்டாணி அளவுச் சோறு தொண்டையைத் தாண்டி, நெஞ்சைத் தாண்டி, பட்டையருகே தயங்கி நின்று, அதையும் தாண்டுவது எனக்குத் தெரிகிறது. அதற்கு எவ்வளவு நேரமாகிறது என்று நான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. எதிரே மூடியிருக்கும் அவர் கையைப் பார்க்கிறேன்.

"எறங்கிச்சா?" என்கிறார்.

"இரு" என்கிறேன்.

அவர் இருக்கிறார்.