அவரைக்குப் பனி காட்டியவன்

குளிர்காலத்துக்குத் தோட்டத்தைத் தயார் செய்யத் தெரியும் என்று சொல்லித்தான் மலையில் அந்த வீட்டில் எனக்குச் சோறு கிடைத்தது. பொய் சொல்லவில்லை. அதற்கு முன் இரண்டு வருஷம் போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரியின் வீட்டுக்குப் பின்னால் காய்கறித் தோட்டம் பார்த்திருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் பாத்திகளை ஏற்றிக் கட்ட வேண்டும். தண்ணீர் வடிய ஓரத்தில் வாய்க்கால் வெட்ட வேண்டும். மழை ஓய்ந்ததும் அவரைப் பந்தலின் மேல் நிழலுக்குப் போட்ட கீற்றை உருவி எடுக்க வேண்டும். அங்கே குளிர்காலம் என்றால் இவ்வளவுதான்.

"கீத்த எடுத்துரு அப்பு, அவரை பனி குடிக்கட்டும்" என்பார் வியாபாரியின் மனைவி. எடுத்த பத்தாம் நாள் பந்தல் முழுக்கப் பூவாக இருக்கும். மார்கழிக் காலையில் இலைகளில் துளி நிற்பதைப் பார்த்தால், ஒரு வேளை தண்ணீர் இறைக்கும் சோலி மிச்சம் என்று எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஓரிடத்தில் என் கால் நிற்காது. பள்ளிக்கூடத்திலிருந்தும் மூன்றாம் வகுப்பில் அப்படித்தான் கிளம்பினேன். ஓர் ஐப்பசியில், ஏலக்காய் மூட்டை இறக்கப் போகும் பொதிமாடுகளின் பின்னால் குரங்கணி வழியாக மலையேறினேன். அட்டை கடித்த காலோடு மேலே போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல் வந்தது. மாட்டுக்காரர் தம் வீட்டுக் கொட்டிலில் என்னைப் படுக்க வைத்துவிட்டு அடுத்த நடைக்கு இறங்கிவிட்டார். பதினைந்து நாள் கஞ்சி ஊற்றியது அவர் மனைவி. நான் அக்கா என்று கூப்பிட்டேன். எழுந்து உட்கார்ந்ததும், என்ன வேலை தெரியும் என்று கேட்டாள். தோட்ட வேலை, குளிருக்குத் தோட்டத்தைத் தயார் செய்யவும் தெரியும் என்றேன். "அப்ப இரு, தின்ன சோத்துக்கு மண்ண வெட்டு" என்றாள்.

அக்கா பிறந்தது மலையடிவாரத்தில் தேவாரம் என்ற ஊரில். யானை புகுந்த சோளக்காட்டை மறுநாள் காலையில் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள். எதற்கும் சட்டென்று பதற மாட்டாள். ஏலக்காடு முடிந்து புல் தொடங்கும் இடத்தில், ஓடைக்கரைச் சரிவில், தானே புதர் வெட்டி ஒரு தோட்டம் போட்டிருந்தாள். அவரை, மிளகாய், முட்டைக்கோஸ், பூண்டு, உருளைக்கிழங்கு. நிலம் எஸ்டேட்டுடையது. தண்ணீர் பக்கத்தில் இருப்பதால் அங்கே ஏலநாற்று போட வேண்டும் என்று துரைக்கு ஓர் எண்ணம். கங்காணி வந்து ஒரு கெடு சொல்லியிருந்தார். பனி முடிகிற வரைக்கும் செடி நின்றால் தோட்டம் அவளுக்கு. கருகிப்போனால் நாற்றங்காலுக்கு எடுத்துக்கொள்வார். புருஷன் மாதத்தில் இருபது நாள் பாதையில் இருப்பவர். அரிசி வந்து சேராத வாரங்களில் அந்தச் சரிவுதான் அவளுக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் சாப்பாடு.

கார்த்திகையில் அவள் தோட்டத்தைக் குளிருக்குத் தயார் செய்ததைக் கூடவே இருந்து பார்த்தேன். போடியில் நான் கற்றதெல்லாம் அங்கே தலைகீழாக இருந்தது. நாங்கள் பொழுது சாயும்போது தண்ணீர் விடுவோம். அவள் உச்சி வெயிலில் விட்டாள். ஈர மண் பகல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றாள். பெரணித் தழையைக் காம்போடு வெட்டிவரச் சொல்லி, ஒவ்வொரு செடிக்கும் கிழக்குப் பக்கத்தில் ஊன்றி, குடை மாதிரி செடியின் மேல் சாய்த்தாள். அவரைப் பந்தலின் மேல் புல்லைப் பரப்பினாள். முட்டைக்கோஸையும் பூண்டையும் மட்டும் திறந்தே விட்டாள். "அதுக குளிர்ல பெறந்ததுக" என்றாள். கடைசியில் அவள் செய்ததுதான் எனக்குப் பிடிபடவே இல்லை. தோட்டத்தின் கீழ்ப்பக்க வேலியில் மூன்று முழ அகலத்துக்கு முள்ளைப் பிடுங்கி வழி விட்டாள்.

"பன்னி வந்துராதாக்கா?"

"வந்தா வெரட்டலாம். குளிரு வந்து உக்காந்துட்டா வெரட்ட முடியாது. அது தண்ணி மாதிரி பள்ளத்தப் பாத்து ஓடும் தம்பி. வேலிய அடச்சா தேங்கிக்கிரும்."

நான் தலையாட்டினேன். குளிர் ஓடும் என்பதை நம்பவில்லை.

மார்கழி நடுவில் ஒருநாள், பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அரிசி வாங்க அவள் குரங்கணிக்கு இறங்கினாள். "தோட்டத்துல ஒண்ணும் செய்ய வேணாம்" என்று சொல்லித்தான் போனாள். பதினைந்து நாள் கஞ்சிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று என் கை அரித்தது. அவரை புல்லுக்கு அடியில் மூச்சுமுட்டிக் கிடப்பதாகத் தோன்றியது. பனிக்காலத்தில் அவரைக்குப் பனி காட்டாமல் மூடி வைப்பார்களா? கீழ்ப்பாத்திகளில் இருந்த தழையை எல்லாம் பிடுங்கினேன். பந்தலில் கீழ்ப்பாதிப் புல்லை அள்ளி மாட்டுக்குப் போட்டேன். வேலித் திறப்பை நல்ல முள்ளாகப் பார்த்து அடைத்தேன். பொழுது சாய்ந்து அவள் தலைச்சுமையோடு வந்தாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நேரே வீட்டுக்குள் போய்விட்டாள்.

விடிந்ததும் அவள் குரல்தான் என்னை எழுப்பியது. "தம்பி, குடத்த எடு." வெளியே வந்தேன். கீழ்ப்பாத்திகள் சுண்ணாம்பு அடித்தது போல இருந்தன. அவரை இலையைத் தொட்டேன். அப்பளம் போல உடைந்தது. போடியில் பனி என்றால் துளி. இங்கே இந்த வெள்ளை உறைவுக்கும் பனி என்றுதான் பேர். ஒரே பேர் என்பதால் ஒரே பொருள் என்று நினைத்துவிட்டேன்.

அவள் என்னைக் கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை. எதிர்மலையின் உச்சியில் வெயில் விழுந்திருந்தது. அது மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. "வெயிலு தொடுறதுக்குள்ள கழுவணும். பனியில வெயிலு பட்டாத்தான் வெந்துபோகும். வெரசா கொண்டா." முதலில் வேலி முள்ளைக் காலால் எட்டி உதைத்துத் திறந்தாள். பிறகு ஓடைக்கும் பாத்திக்கும் நாங்கள் ஓடிய ஓட்டம் எனக்கு இன்னும் முழங்காலில் இருக்கிறது. ஓடைத் தண்ணீர் கைக்கு வெதுவெதுப்பாகத் தெரிந்தது என்றால் குளிரைப் புரிந்துகொள்ளலாம். எந்தச் செடியில் வெயில் முதலில் விழும், எது கடைசி என்பது அவளுக்கு மனப்பாடம். அந்த வரிசைப்படியே ஊற்றினாள். ஒரு குடம்கூட இடம் மாறவில்லை. தண்ணீரைத் தலையிலிருந்து காம்பு வரை வழியவிட்டு அடுத்த செடிக்கு நகர்வாள். நான் இரண்டு செடிக்கு ஊற்றும் நேரத்தில் அவள் ஐந்து முடித்தாள். பெரிய தோட்டக்காரர்கள் பலரிடம் பிறகு வேலை பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு கையை வேறெங்கும் பார்க்கவில்லை.

தழைக்கு அடியில் லேசாக வெளுத்திருந்த மேல்பாதி, கழுவியதில் தப்பியது. கீழ்ப்பாதியில் மிளகாயும் அவரையும் மத்தியானத்துக்குள் கறுத்துத் தொங்கின. செய்தது நான்தான் என்று அதன் பிறகுதான் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதா? வேலிய இவ்வளவு அழகா அடைக்க இந்த மலையில வேற ஆளு ஏது?" என்றாள். அன்றைக்கும் சோறு போட்டாள். அது எனக்குத் திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

தை பிறந்து பனி குறைந்த பிறகு கங்காணி வந்தார். கீழ்ப்பாதியின் ஓரத்தில் நின்று கருகிய அவரைக்கொடியைத் தடியால் கிளறினார். நான் கொட்டிலின் மறைவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"என்ன ஆத்தா, பாதி சுடுகாடா கெடக்கு. சொன்ன சொல்லு சொன்னதுதான்."

"ஆமாண்ணே, சொன்னதுதான். எடுத்துக்கங்க" என்றாள் அக்கா. அவள் கருகிய கொடி ஒன்றை ஒடித்து அவர் கையில் கொடுத்தாள். "ஆனா இதத் தொரைகிட்டக் காட்டிட்டு எடுத்துக்கங்க. மூடி வைக்காம ஒரே ஒரு ராத்திரி கெடந்த எடம் இது. அவரைக்கே இந்தக் கதின்னா, வெரல் நீள ஏலநாத்து இங்க நிக்குமாண்ணே? அடுத்த வருசம் நாத்து செத்தா தொர யாரக் கேப்பாரு? என்னையவா கேப்பாரு?"

கங்காணி கொடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேல்பாதியில் தழைக்குடைகளின் கீழ் பச்சையாக நின்ற மிளகாயைப் பார்த்தார். மூடாமல் தப்பிய கோஸ் ஒன்றைத் தட்டிப் பார்த்தார். நாற்றுக்கு இத்தனை குடை யார் பிடிப்பது என்று அவருக்குள் ஓடியிருக்க வேண்டும்.

"மூடாமப் போட்டது யாரு?"

"ஒரு போடிக்காரன். தோட்ட வேலையில கெட்டிக்காரன்."

கங்காணி சிரித்துவிட்டார். "நாத்துக்கு மேல மரத்தடியில எடம் பாத்துக்கிறேன். ரெண்டு கோஸ் குடு" என்று வாங்கிக்கொண்டு போனார். கொடியையும் மடித்து எடுத்துக்கொண்டுதான் போனார்.

கருகியதைப் பிடுங்க நான் மண்வெட்டியோடு இறங்கினேன். அக்கா தடுத்தாள். கணுக்கால் உயரத்தில் அறுத்துவிட்டு வேரை அப்படியே விடச் சொன்னாள். மாசியில் பொதிமாட்டோடு நான் இறங்கிய நாளில் நாலைந்து அவரைக் கட்டைகளில் எலிக்காது போலத் துளிர் வந்திருந்தது. அதைக் காட்டினேன். எட்டிப் பார்த்தாள்.

"அது பொழச்சுக்கிரும். நீ இனி யாரு தோட்டத்துக்குப் போற, சொல்லு. சாக்கிரதையா இருக்கச் சொல்லி அவுகளுக்கு முன்னாடியே ஆளு விட்டுர்றேன்."