பலகையின் முதல் வரி

வாயில் ஒரு தூரிகை, கையில் இன்னொன்று. ஏணியின் நான்காம் படியில் நிற்கும் பெயின்டருக்குப் பேச்சு மட்டும் நிற்பதில்லை. தேவாலய வாசலில் அண்ணாந்து பார்க்கிறவர் யாராக இருந்தாலும் ஊர் வரலாறு இலவசம்.

"அப்போ இது வெறும் நாணல் காடுங்க. முதமுதலா காலடி வச்சவரு எங்க பூட்டன். இந்தக் கோயிலைக் கட்ட வந்த தச்சரு. எழுதியிருக்கு பாருங்க."

எழுதியிருக்கிறதுதான். எழுதியவரும் அவர்தான். ஊரில் குடியேறிய பதினொரு குடும்பங்களும் வந்த வரிசையில், வந்த ஆண்டோடு வாசலுக்கு மேலிருக்கும் அந்தப் பலகையில் இருக்கின்றன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை, ஆண்டு விழாவுக்கு முன், எழுத்துக்குப் புது வண்ணம். முதல் வரி, தச்சர் குடும்பம். மற்றவற்றைவிட ஒரு விரற்கடை பெரிது. கேட்டால், "உசரத்துல இருக்கில்ல, கண்ணுக்குத் தெரிய வேணாமா?" என்பார்.

சட்டையைப் புரட்டிப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்வார். ஆராதனை மணி அடித்தால் நேராகத் திருப்பிப் போட்டு உள்ளே போய்விடுவார். வண்ணத்தை இடது கட்டைவிரல் நகத்தில் தீட்டிப் பார்ப்பது வழக்கம். இன்று யார் வீட்டுக் கதவு என்ன நிறம் என்று ஊர் அந்த நகத்தைப் பார்த்தே சொல்லிவிடும்.

ஏணி பிடிப்பவள் எதிர்வீட்டு முட்டைக்காரி. பலகையில் ஒன்பதாம் வரியான படகுக்காரர் குடும்பம் அவளுடையது. அவரைவிட மூன்று மாதம் மூத்தவள் என்பதால் 'அக்கா'. அவள் முந்தியதாக அவர் ஒப்புக்கொண்டது அது ஒன்றைத்தான். ஒரு கை ஏணியில், மறு கை முட்டைக் கூடையில். வாய்க்கு ஓய்வில்லை.

"படகு இல்லாம உன் பூட்டன் ஆத்தை எப்படிய்யா தாண்டினான்?"

"நீந்தித்தான். வாயில உளியைக் கவ்விக்கிட்டு."

"ஆளே இல்லாத ஊருக்குக் கோயில் கட்டக் கூப்பிட்டது யாரு? கொக்கா?"

நாற்பது வருடமாக இதே வழக்கு. தீர்ப்பு பலகையில்.

போன வாரம் பாதிரியார் பழைய அலமாரிக்கு வண்ணம் பூசச் சொன்னார். உள்ளே இருந்ததை எடுத்து வைத்தபோது அடக்கப் பதிவேடு பெயின்டர் கையில் கிடைத்தது. முதல் பக்கம், முதல் பதிவு: 'படகுக்காரரின் மகள். மூன்று நாள் குழந்தை.' தச்சர் வந்த ஆண்டு அவருக்கு மனப்பாடம். இது அதற்கு இரண்டு ஆண்டு முந்தியது. மூன்று முறை படித்தார். ஏட்டை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். அதைத் திறந்து பார்க்கும் அக்கறை ஊரில் வேறு யாருக்கும் இல்லை.

இரண்டு நாள் யாருக்கும் வரலாறு சொல்லவில்லை. காய்ச்சலா என்று ஊரே விசாரித்தது.

விழாவுக்கு முந்தின நாள் காலை ஏணியைச் சாத்தினார். "அக்கா, கொஞ்சம் பிடி."

"ஏன், உன் பூட்டன் பிடிக்க மாட்டானா?"

மேலே ஏறி, டர்பன்டைன் துணியால் முதல் வரியை அழுத்தித் துடைத்தார்.

"யோவ்! உன் வீட்டையே அழிக்கிறியே!"

"அலமாரியில ஒரு ஏடு இருக்குக்கா. இந்த மண்ணுல முதல்ல அடக்கம் பண்ணது உங்க வீட்டுப் பச்சப்புள்ளைய. எங்காளு வர்றதுக்கு ரெண்டு வருசம் முந்தி."

'படகுக்காரர்' என்று எழுதத் தொடங்கினார். அளவு மட்டும் குறையவில்லை. அதே விரற்கடை பெரிது.

"எங்க வீட்டோட சேத்து எட்டு வீட்டையும் ஒவ்வொரு வரி கீழ இறக்கணும். சாயங்காலம் ஆயிடும்."

முட்டைக்காரி கூடையைப் படிக்கட்டில் இறக்கி வைத்தாள். ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.