மேசையில் கிடந்த நானூறு வோல்ட்

போன வாரம் கனடாவிலிருந்து ஒரு வாசகர் படம் அனுப்பியிருந்தார். அறுபதுகளில் செய்த வால்வ் அம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கிவிட்டாராம். கண்ணாடி வால்வுகள் செக்கச்செவேலென்று ஒளிர, பக்கத்தில் அவர் புதுமாப்பிள்ளை மாதிரி நிற்கிறார். கீழே ஒரு கேள்வி: "அண்ணே, இதைத் திறந்து துடைக்கலாமா? ஆபத்து ஏதும் இருக்கா?"

ஆபத்தா?

என்னை ஒருநாள் காலையில் மேலே அனுப்பப் பார்த்த சாமான் அது. கரண்ட் அடித்து அல்ல... எனக்குச் சரியாகச் சிங்களம் தெரியாததால்!

யுத்த காலம். நான் அப்போது மட்டக்களப்புக் கச்சேரியில் வேலை. (தமிழ்நாட்டு வாசகர்கள் உடனே என்னை மிருதங்கத்தோடு கற்பனை செய்ய வேண்டாம். எங்கள் ஊரில் கச்சேரி என்றால் அரசாங்க அலுவலகம். நான் வாசித்ததெல்லாம் ஃபைல்கள்தான்.) வீடு கல்லடியில். வாழைச்சேனைக் காகித ஆலையில் இருந்த ஒரு எஞ்சினியர் குடும்பத்தோடு வெளிநாடு கிளம்பும்போது, தன்னுடைய அம்ப்பை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். இங்கிலாந்தில் செய்தது. தூக்கினால் இடுப்பு ஞாபகம் வரும்.

ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. உப்புக் காற்று அந்த இரும்பை என்ன பாடு படுத்தியிருக்கும்? துருவைச் சுரண்டினேன். வயர்களை மாற்றினேன். வால்வுகளின் கால்களை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே வேலை. இரண்டு வருடம்! எங்கள் சாப்பாட்டு மேசை முழுவதும் அம்ப்தான். நானும் என் மனைவி சறோவும் நிலத்தில் பாய் விரித்துச் சாப்பிட்டோம்.

பழைய கண்டென்சர்கள் இரண்டும் வீங்கிப் போயிருந்தன. காத்தான்குடியில் ரேடியோ கடை வைத்திருந்த றஹீம் காக்காதான் (அங்கே காக்கா என்றால் அண்ணன்), துபாயில் இருந்த தம்பியிடம் சொல்லிப் புதிதாக இரண்டு எடுத்துத் தந்தார். கண்டென்சர் என்பது கரண்டைச் சேர்த்து வைக்கும் டப்பா. சுவிட்சை அணைத்த பிறகு அந்தக் கரண்டை மெதுவாக வடித்துவிட ஒரு சின்ன றெசிஸ்டர் இருக்கும். என்னுடையதில் அது கருகிவிட்டது. அதாவது சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி வைத்தாலும், உள்ளே நானூறு வோல்ட் போக மனமில்லாத விருந்தாளி மாதிரி குந்திக்கொண்டிருக்கும்.

காக்கா இரண்டு வயர் பூட்டிய பல்ப் ஒன்றைக் கையில் தந்தார். "தம்பி, கையப் போட முந்தி இந்த பல்பப் புடி. மின்னி அணைஞ்சாத்தான் உள்ளுக்க ஒண்டுமில்ல. மறந்திராத."

மறப்பேனா?

ஒரு சனிக்கிழமை காலை. புதுக் கண்டென்சர்களைப் பூட்டி, கரண்ட் கொடுத்து, வோல்ட் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்று கணக்குப் பார்க்க, சறோவின் அலாம் மணிக்கூட்டைப் பக்கத்தில் வைத்திருந்தேன். திடீரென்று ஊரெல்லாம் கரண்ட் போனது. அடுத்த பத்தாவது நிமிடம் வாசலில் பூட்ஸ் சத்தம்.

சுற்றிவளைப்பு!

மூன்று சிப்பாய்கள். பின்னால் ஒரு இளம் அதிகாரி. எங்கள் பக்கம் இது புதிதல்ல. அலுமாரியைத் திறப்பார்கள், மெத்தையைப் புரட்டுவார்கள், போவார்கள். ஆனால் அன்றைக்கு அவர்கள் கண்ணில் முதலில் பட்டது மேசை.

அவர்கள் கண்ணால் ஒருதடவை பாருங்கள். கவிழ்த்துப் போட்ட இரும்புப் பெட்டி. வயிறு திறந்து சிவப்பு, கறுப்பு வயர்கள். நடுவில் இரண்டு பருத்த குழாய்கள். பக்கத்தில், டிக் டிக் என்று ஒரு மணிக்கூடு.

"மொகத்த மே?" — என்ன இது என்று கேட்டுக்கொண்டே ஒரு சிப்பாய் கையை நீட்டினான். விரல் நேராகக் கண்டென்சரை நோக்கிப் போகிறது!

எனக்கு உயிரே போய்விட்டது. தொட்டால் அவன் துள்ளி விழுவான். மற்றவர்கள் பொறி வைத்திருக்கிறேன் என்று நினைப்பார்கள். பிறகு நான் எதையும் விளக்க வேண்டிய தேவையே இருக்காது.

என் சிங்களம் கச்சேரிப் பரீட்சைக்குப் படித்த சிங்களம். 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது' என்று அழகாக எழுதுவேன். 'கரண்ட் அடிக்கும்' என்று எழுதச் சொல்லி எந்தப் பரீட்சையிலும் கேட்கவில்லையே! வாயில் வந்ததைக் கத்தினேன்:

"அல்லன்ன எப்பா! மெரெனவா!"

தொடாதே, செத்துப்போவாய்!

மூன்று துப்பாக்கிகளும் என் பக்கம் திரும்பின. அதிகாரி இரண்டு அடி பின்னால் போய்விட்டார். நான் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் உண்மையையும் சரியான சொல்லில் சொல்லத் தெரிய வேண்டும் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அப்போது குசினிக்குள்ளிருந்து சறோ வந்தாள். கையெல்லாம் தேங்காய்ப்பூ. அவளுடைய அப்பா பதுளையில் ரயில்வேயில் வேலை பார்த்தவர். சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. துப்பாக்கிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நெற்றியைத் துடைத்துக்கொண்டு அதிகாரியிடம் பேச ஆரம்பித்தாள். அவள் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"சேர், இது பாட்டுப் பெட்டி. ரெண்டு வருசமா இந்த மேசையிலதான் கிடக்கு. இன்னும் ஒரு பாட்டுப் பாடல்ல. இந்த மனிசன் குண்டு செஞ்சாலும் அது வெடிக்காது."

ஒரு சிப்பாய் சிரித்தேவிட்டான். அதிகாரி சிரிக்கவில்லை. "பாட்டுப் பெட்டி என்றால் உன் புருஷனையே தொடச் சொல்லு."

சறோ என்னைப் பார்த்தாள். "தொடுங்களன்!"

"தொட ஏலாது சறோ. நானூறு வோல்ட் நிக்குது."

"மறுகா என்ன செய்யிற?"

"காக்கா தந்த பல்ப் எங்க?"

அவள் முகம் மாறியது. "அது... கோழிக்கூட்டுக்க. குஞ்சுகளுக்குச் சூடு பத்தாதெண்டு நான்தான் கட்டினன்."

நூற்றில் ஒரு வீட்டுக்கும் இந்த நிலைமை வந்திருக்காது. விஷயத்தை அதிகாரிக்குச் சொல்லிவிட்டு சறோ முன்னால் நடக்க, பின்னால் ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு போய், கோழிக்கூட்டிலிருந்து ஒரு பல்பைக் கைப்பற்றி வந்தான்.

இரண்டு வயர்களையும் கண்டென்சரில் வைத்தேன். பளிச்! ஒரு கண்சிமிட்டல். அணைந்தது.

ஊரெல்லாம் கரண்ட் இல்லை. எங்கள் வீட்டில் ஒரு பல்ப் எரிகிறது! சிப்பாய்கள் திருவிழாவில் வித்தை பார்க்கும் பிள்ளைகள் மாதிரி வாயைப் பிளந்தார்கள். அதிகாரிகூட முன்னால் வந்துவிட்டார்.

"ஆயெத்!" — இன்னொருதரமாம்.

நல்லவேளை, கண்டென்சர் இரண்டு. மற்றதிலும் வைத்தேன். பளிச்! இந்தத் தடவை அதிகாரியும் சிரித்தார். மணிக்கூட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்த ஊர் அம்ப், வால்வ் எத்தனை, சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும் என்று விசாரித்தார். சறோ மொழிபெயர்த்தாள். ஐந்து நிமிடம் போயிருக்கும். கிளம்பப் போகிறார் என்று நினைத்தேன்.

"சரி. இப்போது தொடு."

சந்தோஷமாகவே விரலை வைத்தேன். உள்ளேதான் ஒன்றும் இல்லையே?

சுள்!

கண்டென்சருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. முழுக்க வடித்த பிறகும், கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒட்டிக்கிடந்தது திரும்ப ஊறி வரும். அதைப் புத்தகத்தில் வாசித்திருக்கிறேன். அந்த நேரத்தில் ஞாபகம் வந்தால்தானே! ஆளைக் கொல்லும் அளவுக்கு இல்லை. ஆனால் முழங்கை வரைக்கும் குளவி கொட்டினது மாதிரி இருந்தது.

கையை இழுக்கலாமா? 'ஆ' என்று கத்தலாமா? நான்கு பேர் என் முகத்தையே பார்க்கிறார்கள்.

சிரித்தேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். விரலை எடுக்கவே இல்லை.

அதிகாரி தலையாட்டினார். அடுத்த வீட்டுக்குப் போனார்கள். படலை சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் விரலை எடுத்தேன். அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன்.

அடுத்த கிழமை கொழும்பிலிருந்து றெசிஸ்டர் வந்தது. முதல் வேலையாக அதைப் பூட்டினேன். அம்ப் பாடியது. முதல் பாட்டு முடியும்வரை சறோ கரண்டியோடு குசினி வாசலிலேயே நின்றாள். முடிந்ததும், "நல்லாத்தான் கிடக்கு... இனி மேசைய விடுங்க" என்றாள். கல்லடிப் பாலத்து சென்றிச் சாவடியில் அந்தச் சிப்பாய்களில் ஒருவன் நிற்கும் நாட்களில் "ஆ, பல்ப் மஹத்தயா!" (பல்ப் ஐயா!) என்று சிரித்து என்னைப் போகவிடுவான்.

ஆனால் அன்று காலை, அவர்கள் போனதும் சறோ என் பக்கத்தில் வந்து குந்தினாள். என் கையை எடுத்து விரலைப் பார்த்தாள்.

"அடிச்சதுதானே?"

"இல்லையே."

"பொய்." சொல்லிவிட்டு அழுதாள். பிறகு சிரித்தாள். தேங்காய்ப்பூக் கையாலேயே விரலைப் பிடித்து ஊதிவிட்டாள்.

துப்பாக்கியோடு நின்ற நான்கு பேரிடம் செல்லுபடியான அந்தச் சிரிப்பு, இன்றுவரைக்கும் சறோவிடம் ஒருநாள்கூடச் செல்லுபடியானதில்லை!