செத்த கன்சோலும் ஓடிய படகும்

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், “சின்ன வேலைதாம்மா” என்று சொல்லி மேசையில் வைக்கப்படும் பொருள்தான் நம் உயிரை வாங்கும். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு அருகே எனக்கு அப்படி ஒரு கடை. தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் வருகிறேன். நீங்களும் இதே பிழைப்பில் இருந்தால் போன மழைக்காலத்தில் நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியும்.

மிஷினு வேணாம்

பரங்கிப்பேட்டையிலிருந்து ஃபாத்திமா அக்கா ஒரு கேம் கன்சோலைத் துணிப்பையில் கொண்டுவந்தார். அவர் கணவர் ஜமால் பாய் பல வருஷம் துபாயில் இருந்தவர். ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அந்தக் கன்சோலில் ஒரு படகு விளையாட்டு. கன்ட்ரோலரைக் கையில் பிடித்துத் துடுப்பு மாதிரி அசைத்தால் திரையில் படகு போகும். டாக்டர் சொன்ன பயிற்சிகளில் பாய் முணுமுணுக்காமல் செய்தது அது ஒன்றுதான்.

திறந்து பார்த்தேன். கடல் காற்றில் போர்டு அரித்துப்போயிருந்தது. அந்த மாடல் இப்போது கடைகளில் கிடைப்பதும் இல்லை. டிஸ்க் மட்டும் பத்திரமாக இருந்தது. “இந்த மிஷின் இனிமே எழுந்திருக்காதுக்கா” என்றேன். அவர் நகரவில்லை.

“மிஷினு போனா போவட்டும் தங்கச்சி. அந்தப் படகு ஓடணும். இல்லன்னா அவுங்க கையை மடியில வெச்சிக்கினு சும்மாவே உக்காந்துடுவாங்க.”

பதினோரு தடவை

அந்தக் கன்சோலின் சிப்பும் நம் கம்ப்யூட்டர் சிப்பும் ஒரே இனம். பிரச்சினை வேறு. ஃபைலைத் திற, மெமரி கொடு என்று விளையாட்டு எல்லாவற்றுக்கும் மிஷினை உள்ளிருந்து நடத்தும் கெர்னலைக் கேட்கும். கன்சோலின் கெர்னலுக்குப் புரிகிற அந்தக் கேள்விகள் என் கம்ப்யூட்டரில் ஓடும் லினக்ஸுக்குப் புரியாது. நடுவில் நின்று மொழிபெயர்க்க யாரோ புண்ணியவான் மாட்யூல் என்று ஒரு குட்டிப் புரோகிராம் எழுதி இலவசமாக விட்டிருந்தார். அது லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே போய் உட்காரும். டிஸ்கிலிருந்த விளையாட்டைக் கம்ப்யூட்டரில் இறக்கி, மாட்யூலையும் ஏற்றினேன்.

கெர்னலுக்குள் தப்பு நடந்தால் மொத்தக் கம்ப்யூட்டரும் அப்படியே நின்றுவிடும். அன்று ஒரே நாளில் பதினோரு தடவை நின்றது. பக்கத்து மேசையில் பிரிண்டர் பார்க்கும் சுந்தர் பதினோராவது தடவை வாய் திறந்தான்.

“அக்கா, பேய் ஓட்டறேன்னு சொல்லிட்டு வூட்டையே இடிச்சிடுவீங்க போலருக்கே!”

தண்ணி மட்டும்

நான்காம் நாள் படம் வந்தது. ஆறு, அலை, கரையில் மரங்கள், பறவைச் சத்தம் எல்லாம் இருந்தன. படகைக் காணோம்!

உள்ளே நடப்பதையெல்லாம் கம்ப்யூட்டர் குறித்துவைக்கும் லாகை வரி வரியாகப் படித்தேன். விளையாட்டுக்குள் படகைக் கொண்டுவருவதற்கென்று தனியாக ஒரு த்ரெட், அதாவது ஒரு வேலையாள் மாதிரி, தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பு என்று விளையாட்டு கேட்கிறது. மாட்யூலோ எழுப்பாமலே “ஆச்சு” என்று பதில் சொல்கிறது. பதினாலு வரி எழுதி நிஜமாகவே எழுப்ப வைத்தேன். படகு வந்து தண்ணீரில் ஆடி நின்றது. நான் கத்திய கத்தலில் வாசலில் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார்.

சிப்காட்டில் ஆபரேட்டராக இருக்கும் என் அண்ணன் அந்தோணி அன்று லீவு, கடையில் இருந்தான். நடந்ததை விளக்கினேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

“ஆளை எழுப்பாமலே எழுப்பிட்டேன்னு ரிப்போர்ட் குடுக்கற சூப்பர்வைசர் எங்க பிளாண்ட்லயும் ஒருத்தர் இருக்காரு!”

முதல் வளைவு

பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் எல்லாவற்றையும் ஏற்றி, பரங்கிப்பேட்டைக்கு நானே எடுத்துப் போனேன். ஜமால் பாய் கன்ட்ரோலரை வலது கையில் வைத்து, இடது கையால் தாங்கிக்கொண்டார். படகு நகர்ந்தது. எனக்கு மாட்யூல் நின்றுவிடுமோ என்று ஒரே பயம். ஃபாத்திமா அக்கா திரையைப் பார்க்கவே இல்லை. பாயின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் வளைவில் படகு கரையை இடிக்கப் போனது. பதற்றத்தில் பாய் இடது கையை எடுத்துவிட்டார். வலது கை தனியாக, மெதுவாக, சாய்ந்தது. படகு திரும்பியது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பாய் என் பக்கம் திரும்பினார்.

“பாத்தியாம்மா, என் கை நல்லாத்தான் இருந்துருக்கு. அந்தப் பழைய மிஷினுதான் ஸ்லோவு!”

நாம் செய்த வேலை கண்ணுக்கே தெரியாமல் போய், பாராட்டெல்லாம் வேறு எதற்கோ போய்ச் சேர்ந்தால், இந்தத் தொழிலில் முழுசாக ஜெயித்துவிட்டோம் என்று அர்த்தம்.