திருகுச் சிப்பிக் கல்

பக்கத்து வளவில் குழாய்க்கிணறு துளைக்கும் இயந்திரம் ஈரச் சுண்ணாம்புக்கல்லின் வாசத்தைக் கிளப்புகிறது. எனக்கு மறுபடி பத்து வயதாகிவிடுகிறது.

அன்று கல்முனையில் மூத்தவளான ராத்தாவுக்குக் கல்யாணத்துக்காகக் கட்டவிருந்த வீட்டுக்குக் கிணறு வெட்டினார்கள். எங்கள் ஊரில் பெண்ணுக்குத்தான் வீடு கட்டிக் கொடுப்பார்கள். ஒன்பது முழத்தில் கடுங்கல் தட்டியது. அதற்கு மேல் மணலில் ஊறிய தண்ணீரோ உப்பு. இந்த வளவு சரிவராது, சம்மாந்துறையில் காணி பார்ப்போம் என்றார் வாப்பா. எங்களை விட்டுத் தூரம் போக வேண்டுமே என்று ராத்தா அழுதாள்.

வெட்டிப்போட்ட கல்லொன்றை உடைத்தேன். உள்ளே திருகாணி போல நீண்ட கடற்சிப்பிகள், ஒன்றல்ல, கொத்துக் கொத்தாக. இதே சிப்பிக் கல் மாமி வீட்டுக் கிணற்றடியிலும் கிடந்தது. அதற்குக் கீழேதான் அவருக்கு நல்ல தண்ணீர் வந்தது. ஓடிப்போய் ஒரு துண்டை எடுத்துவந்து இரண்டையும் சேர்த்துப் பிடித்தேன். ஒரே பழங்கடல் இரண்டு வளவுக்கும் அடியில் படுத்திருந்தது.

"மாமிக்கு ஏழு முழத்தில, நமக்கு ஒன்பதில. கல்லு ஒண்டுதான் வாப்பா, சரிஞ்சு கிடக்கு."

கிணறு வெட்டும் மீராசா காக்கா சிரித்தார். "கீழயும் உப்பெண்டா இந்தச் சிப்பியெல்லாம் நீதான் திங்கணும்."

"ஓம், திங்கிறன்."

வாப்பா கல்லை உடைக்கச் சொன்னார். மறுநாள் அசர் தொழுகை நேரம் கல் உடைந்தது. மேலே வந்த முதல் வாளியில் ராத்தா அள்ளிக் குடித்தாள், குடித்தபடியே சிரித்தாள்.

மண்வெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டே காக்கா வாப்பாவிடம் சொன்னார்: "மூத்தவக்கு ஊடு சரி. சின்னவக்கு வளவு பாக்கக்குள்ள என்னக் கூப்பிடாதீங்க, அவளையே கூட்டிப் போங்க."