வில்ஹோவின் கால் வீக்கம்

வில்ஹோவுக்குக் கால் வீங்கிக் கிடக்கிறது என்ற பேச்சு ஊரில் கிளம்பியபோது, அவன் காலில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறெல்லாம் காலுறையில்தான் இருந்தது.

எங்கள் பக்கத்தில், வடக்கே பனி கொட்டும் கைனூ வட்டாரத்து ஏரிக்கரை ஊர்களில், யார் வீட்டுக்குப் போனாலும் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் வந்தவன் முகத்தைப் பார்க்கும் முன்பே காலைப் பார்த்துவிடுவார்கள். குதிகாலைப் பார்த்தால் போதும், பின்னிய கை யாருடையது என்று தெரிந்துவிடும். ஹெல்லெவி குதிகாலைக் கூராக முடிப்பாள். பாதிரியார் மனைவி பின்னியது தொளதொளவென்று தொங்கும். பாவம், அவளிடம் அதை யாரும் சொன்னதில்லை. சைமா குதிகாலுக்கு மட்டும் இரட்டை நூல் வைத்துத் தடித்த வரிவரியாகப் பின்னுவாள். அந்தக் குதிகால் ஓட்டையானதாக ஊரில் சரித்திரமே கிடையாது.

குழந்தை பிறந்தால் தொப்பி, பட்டாளத்துக்குப் போகிற பிள்ளைக்குக் காலுறை, ஏன், செத்தவர்களைக்கூடக் காலில் கம்பளி மாட்டித்தான் பெட்டியில் வைப்போம். போகிற இடத்தில் தரை எப்படி இருக்குமோ, யார் கண்டது? இதெல்லாம் ஊர் வழக்கம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் புருஷன், பிள்ளை, கூடப்பிறந்தவன் அல்லாத ஒருத்தனுக்கு, வளர்ந்த ஆம்பிளைக்கு, ஒரு பெண் காலுறை பின்னிக் கொடுத்தால் கதை வேறு. ஊர் அதைக் கல்யாணப் பத்திரிகையாகவே எடுத்துக்கொள்ளும்.

வில்ஹோ குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவன். கோடையில் அதே வண்டியை வைத்துக்கொண்டு சரளை ரோடுகளைச் சமன் செய்வான். அறுபதை நெருங்குகிற ஒண்டிக்கட்டை. வாயில் கொழுக்கட்டை வைத்திருக்கிறானோ என்று சந்தேகப்படும்படி அவ்வளவு குறைவாகப் பேசுவான். பிறவியிலேயே அப்படி இல்லை. இளவட்டமாக இருந்தபோது கஜானி நகரத்துப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொள்ளப் போவதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். விருந்துக்கு மண்டபம்கூடப் பேசியாகிவிட்டது. அவள் வேறொருவனோடு கப்பலேறி ஸ்வீடனுக்குப் போய்விட்டாள். சரி, நடந்தது நடந்துவிட்டது என்று எந்த ஊரும் விட்டுவிடும். எங்கள் ஊர் விடவில்லை. இன்றைக்கும் அவன் கடைக்குள் நுழைந்தால் எவனாவது ஒருத்தன், "என்ன வில்ஹோ, ஸ்வீடன் கப்பல் வந்துருச்சா?" என்பான். வில்ஹோ சிரித்துக்கொண்டே பாலை எடுத்துக்கொண்டு போய்விடுவான். அந்தச் சிரிப்பு வீடு வரை வந்ததா என்று யாரும் கூடப் போய்ப் பார்த்ததில்லை.

சைமா அந்தக் கடையில்தான் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். புருஷனைப் பறிகொடுத்து வெகு காலம் ஆகிவிட்டது. ஆள் வராத நேரத்தில் மடியில் நூல்கண்டும் கையில் ஊசிகளுமாக இருப்பாள். பார்வை வாசலில் இருக்கும், விரல்கள் தம்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும்.

பனி கொட்டிய விடியலில் பெரிய ரோட்டில் பனியைத் தள்ளிய பிறகுதான் சந்துகளுக்கு வர வேண்டும் என்பது சட்டம். வில்ஹோ முதலில் சைமா வீட்டுச் சந்தில் தள்ளிவிட்டுத்தான் பெரிய ரோட்டுக்கே போவான். கேட்டால், "வழியில இருக்கு" என்பான். வழியில் இல்லை. ஏரியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். சைமா ஜன்னலோரம் நின்று அந்த வண்டி விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் அவனிடம் வண்டிக்குள் ஹீட்டர் வேலை செய்கிறதா என்று கேட்டாள். "மேல சூடு வருது, கீழ வரல," என்றான். அடுத்த பனிக்கு அவள் வீட்டுத் தபால் பெட்டிக் கம்பத்தில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே சாம்பல் நிறக் காலுறை ஒரு ஜோடி. குதிகாலில் இரட்டை நூல்.

வண்டியை நிறுத்திவிட்டு அங்கேயே மாட்டிக்கொண்டான். அடடா, அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது! பூட்ஸுக்குள் வேறொருவர் கை வந்து பாதத்தைப் பொத்திப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. ஈரக் கம்பளி வாசனை ஏறியதும் பள்ளிக்கூடத்து அடுப்பு நினைவுக்கு வந்தது. அதைச் சுற்றி வரிசையாகத் தொங்கும் பிள்ளைகளின் நனைந்த காலுறைகள், மத்தியானத்துக்குள் காய்ந்து விறைத்துச் சொரசொரவென்று ஆகிவிடுபவை. அம்மா போன பிறகு அவனுக்கென்று யாரும் ஒரு முடிச்சுகூடப் போட்டதில்லை. அன்றைக்குப் பெரிய ரோட்டில் பனி ஒழுங்காகத் தள்ளப்படவில்லை என்று புகார் வந்தது.

சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். கடை வாசலில் பூட்ஸைக் கழற்ற வேண்டியதில்லை, தப்பித்தான். மற்ற இடங்களில்? ஹெல்லெவியின் கண்ணில் அந்தக் குதிகால் பட்டால் சாயங்காலத்துக்குள் ஏரியின் அக்கரைக்கும் தெரிந்துவிடும். இன்னொரு தடவை ஊர் முன்னால் நின்று, இன்னொரு தடவை ஒன்றுமில்லாமல் போனால்? அதனால் பெரிய அளவில் கடைக் காலுறை வாங்கி சைமாவின் காலுறைக்கு மேலே இழுத்து மாட்டிக்கொண்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். கால் ரெண்டும் கரடிக்கால் மாதிரி ஆகிவிட்டது.

"என்ன வில்ஹோ, காலு இப்படி வீங்கியிருக்கு?" என்றாள் ஹெல்லெவி, பாதிரியார் வீட்டுக் காபியின்போது.

"கொஞ்சம் வீக்கந்தான்."

"கொஞ்சமா? எங்க மாமாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. இதயம்னு சொன்னாங்க."

வாய் தவறி வந்த அந்த ஒரு வார்த்தை இலையுதிர்காலத்துக்குள் இதய நோயாக வளர்ந்துவிட்டது. வில்ஹோவுக்குப் பிறகு பனி வண்டி யார் ஓட்டுவது என்றுகூடச் சிலர் யோசிக்க ஆரம்பித்தார்கள். கல்லாவில் உட்கார்ந்து இதைக் கேட்ட சைமா சில்லறையை இரண்டு தடவை தப்பாக எண்ணினாள். அன்று சாயங்காலமே அவனைக் காபிக்குக் கூப்பிட்டாள். அவன் பூட்ஸைக் கழற்றியதும் நேராகக் குனிந்து மேலே இருந்ததை உருவினாள். வீங்கிய கால் அவள் கைக்குள்ளேயே இளைத்துவிட்டது.

"என் சாக்ஸுக்கு மேல கடை சாக்ஸா?"

"ஊரு பேசும், சைமா."

"ஊரு வாயை மூட உலைமூடியா இருக்கு? பேசத்தான் செய்யும். நான் பின்னினதை நீ எதுக்கு ஒளிச்சு வைக்கற? திருட்டுச் சாமானா அது?"

வில்ஹோ காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். சைமாவுக்குக் கோபம்தான், ஆனாலும் குரல் ஏறவில்லை.

"மான் விருந்துக்கு ஊரே வரும். நான் பின்னினதை மட்டும் போட்டுக்கிட்டு வா. முடியலன்னா அதைத் துவைச்சுத் தபால் பெட்டியில மாட்டிட்டுப் போயிடு. சண்டை ஒண்ணும் இல்ல. ஆனா அப்புறம் காபிக்கு வராத."

மூஸ் மான் வேட்டை முடிந்ததும் வேட்டைச் சங்கக் கட்டடத்தில் ஊருக்கே சூப் ஊற்றுவது வழக்கம். வேட்டைக்காரர்கள் முதலில் பின்பக்கத்து சவுனாவில், அதாவது நீராவிக் குளியலறையில், வெந்துவிட்டு, அப்படியே கூடத்துக்கு வருவார்கள். வேட்டைக்குத் தலைவன் ரெய்னோ, சைமாவின் அண்ணன். வில்ஹோ அன்றைக்கு சைமாவின் காலுறையை மட்டும்தான் போட்டுக்கொண்டு வந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், துணிந்துதான் வந்தான். ஆனால் சவுனாவுக்குப் போகும்போது பழக்க தோஷத்தில் அதைச் சுருட்டிச் சட்டைக்குப் பக்கத்தில் ஓரமாக வைத்துவிட்டான்.

வெளியே வந்து பார்த்தால் காணோம். பெஞ்சில் கிடந்தது ரெய்னோவின் பழைய பழுப்புக் காலுறை. இது எங்கள் ஊரில் அடிக்கடி நடப்பதுதான். மங்கலான விளக்கு, கண்ணை மறைக்கும் ஆவி, எல்லாமே சாம்பல் நிறமாகத்தான் தெரியும். ரெய்னோவோ கண்ணாடி இல்லாவிட்டால் மானையும் மாட்டையும் பிரித்தறியாதவன். கையில் அகப்பட்டதை மாட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கூடத்துக்குப் போய்விட்டான்.

வில்ஹோ வெறுங்காலோடு கூடத்து வாசலில் வந்து நின்றபோது, ஹெல்லெவி ரெய்னோவின் காலை ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தாள்.

"சைமா, அண்ணனுக்குப் புதுசா பின்னியிருக்கியே. சொல்லவே இல்ல?"

"கொஞ்சம் இறுக்கமா இருக்கு," என்றான் ரெய்னோ, பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு. "ஏம்மா, அண்ணன் கால் அளவுகூடவா மறந்து போச்சு?"

கூடம் சிரித்தது. சூப் அண்டாவுக்குப் பின்னால் கரண்டியோடு நின்ற சைமா சிரிக்கவில்லை. அண்ணன் காலைப் பார்த்தாள், பிறகு வில்ஹோவின் வெறுங்காலைப் பார்த்தாள். அது அவள் பேச வேண்டிய இடம் இல்லை.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்களே, வில்ஹோவுக்கு அப்படி ஒரு வழி திறந்து கிடந்தது. அண்ணன் காலில் தங்கை பின்னிய காலுறை. இதில் பேச என்ன இருக்கிறது? சும்மா போய் உட்கார்ந்து சூப்பைக் குடித்தால் போதும், காலத்துக்கும் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. சைமாவும் கேட்க மாட்டாள். கேட்கவே மாட்டாள், அதுதான் விஷயம். தரையின் சில்லிப்பு உள்ளங்காலிலிருந்து முழங்கால் வரை ஏறியது.

"ரெய்னோ, அதைக் கழட்டு. அது என்னுது."

ரெய்னோ நிமிர்ந்தான். "உன்னுதா? டேய், இது என் தங்கச்சி கைடா. எனக்குத் தெரியாதா?"

"ஆமா. அவதான் பின்னினா. எனக்குப் பின்னினா."

ஹெல்லெவிக்குத்தான் முதலில் வாய் வந்தது. "அப்ப அந்தக் கால் வீக்கம்?"

"வீக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மேல கடை சாக்ஸைப் போட்டு மறைச்சு வச்சிருந்தேன். அவளை நெனச்சு வெக்கமில்ல. உங்க வாயை நெனச்சுப் பயம். போன தடவை கதையையே இன்னும் நீங்க முடிக்கல." அவன் வாழ்நாளில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. மூச்சு வாங்கியது. "பேசறதுன்னா பேசிக்குங்க."

கப்பலைப் பற்றிக் கேட்கிறவர்கள் எல்லாம் சூப்புக் கிண்ணத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். ரெய்னோ தங்கையைப் பார்த்தான். அவள் முகத்தில் என்ன தெரிந்ததோ, அது கண்ணாடி இல்லாமலே அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குனிந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, உதறி, வில்ஹோ கையில் கொடுத்தான்.

"கொஞ்சம் தொளதொளன்னு ஆக்கிட்டேன். மன்னிச்சுக்க," என்றான்.

வில்ஹோ பெஞ்சில் உட்கார்ந்து, ஊர் பார்க்க, இரண்டையும் மாட்டிக்கொண்டான். குதிகாலைச் சரியாக இழுத்துவிட்டான். கரண்டியை ஹெல்லெவியின் கையில் திணித்துவிட்டு சைமா கூடத்தைக் குறுக்காகக் கடந்து வந்து அவன் பக்கத்தில் நின்றாள். ஈரத்தலையை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தாள்.

"குளிர்ல ஈரத்தலையோட வந்து நிக்கறதப் பாரு," என்றபடி ஏப்ரன் பையிலிருந்து ஒரு துண்டு நூலை எடுத்து அவன் நெற்றியைச் சுற்றி, காதுக்கு மேலாகக் கொண்டுபோய்த் தொப்பிக்கு அளவெடுத்தாள். அவன் கழுத்தெல்லாம் சிவந்துபோய் நெளிந்தான்.

"ஆடாம இரு," என்றாள். "ஊரு பாக்குது."

"பாக்கட்டும்," என்றான் வில்ஹோ.