கல்லாவில் சொல்லாத சொல்

ஆங்கிலத் தனிப்பாடம் என்றால் டீச்சர் புத்தகத்தை விரிப்பார் என்று நம்பித்தான் போனேன். என் மகள் வயதுதான் அவருக்கு. மேசைக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்து, "அண்ணாச்சி, நான்தான் விசா ஆபீசர். நீங்க மக பிரசவத்துக்கு அமெரிக்கா போகணும். பேசுங்க" என்றார். மின்விசிறிக்குக் கீழேயே எனக்கு வேர்த்து வழிந்தது.

நேர்காணலுக்குப் பத்தே நாள். தமிழிலேயே பேசலாம் என்று மகள் சொல்லியிருந்தாள். ஆங்கிலத்தில்தான் பேசுவேன் என்று வீறாப்பு எனக்கு.

"அங்கே வேலை பார்ப்பீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "நோ" என்றால் முடிந்தது. நான் சொன்னது: "டுமாரோ, மேடம்."

கோவில்பட்டியில் முப்பது வருஷமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கல்லாவில் உட்கார்ந்தவன் வாயில் 'இல்லை' வரக்கூடாது. கருப்பட்டி தீர்ந்துபோனாலும் "நாளைக்கு வந்துரும்" என்றுதான் சொல்வோம். யார் எதைக் கேட்டாலும் என் நாக்கு ஓடிப்போய்க் கல்லாவில் உட்கார்ந்துகொள்ளும்.

"நாளைக்கே வேலைக்குச் சேருவேன்னு சொல்லுதீங்க. மகளைப் பாக்கவே விடமாட்டாவ" என்றார் டீச்சர். அவர் சிரிக்கவில்லை.

அதன்பிறகு தினமும் "நோ"தான் பாடம். அங்கேயே தங்கிவிடுவீர்களா? நோ. கடை போடுவீர்களா? நோ. கடைசி நாள் டீச்சர் என் கடைக்கே வந்து, நாலு பேர் முன்னால் ஆங்கிலத்தில் கருப்பட்டி கேட்டார். உண்மையிலேயே தீர்ந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு "நோ!" என்றேன். சாமி படத்தைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"கத்தாதீங்க, ரோடு வரைக்கும் கேக்குது" என்றாள் மனைவி.

சென்னையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிஜ அதிகாரி. முதல் கேள்வியே ஆங்கிலத்தில், "மகளைப் பார்க்கத்தான் போகிறீர்களா?" என்பதுதான்.

"நோ!"

தட்டச்சு செய்த கை நின்றது. பக்கத்தில் நின்ற மனைவி என் விலாவில் இடித்தாள். "ஐயா, இவியளுக்குப் பயம். மக பிரசவத்துக்குத்தான் போறோம்" என்று தமிழில் சொல்லிவிட்டாள்.

அதிகாரி என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். போச்சு, பேரப்பிள்ளையைப் போனில்தான் பார்க்கப் போகிறோம் என்று நினைத்தேன்.

"பயப்படாதீங்க" என்றார் தமிழில். "அங்க வேலை பார்ப்பீங்களா?"

"இல்லை" என்றேன். கணீரென்று வந்தது.

விசா கிடைத்தது. வெளியே வந்து, கொடுத்துவைத்திருந்த போனை வாங்கியதுமே டீச்சர் அழைத்தார்.

"இங்கிலீஷ்லதானே பேசுனீங்க, அண்ணாச்சி?"

"நாளைக்குச் சொல்லுதேன், டீச்சர்."